தெம்பிலி நிறம்

எனக்கு வந்தது காசநோய். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சனம் இந்த நோயின் பெயரை வாயில் எடுக்காது. "நெஞ்சுல சளி", "பழைய இருமல்", "டொக்டர் என்னமோ சொன்னாரு" என்று சுற்றி வளைத்து, கடைசியில் பக்கத்து வீட்டுக்கும் ஒட்ட வைத்துவிட்டுத்தான் ஓயும். நான் மறைக்கவில்லை. கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் இருக்கும் எங்கள் மில்லுக்கு மிளகாய் அரைக்க வருகிறவர்களிடம் நானே சொன்னேன். பாதிப்பேர் வேறு மில்லைத் தேடிக்கொண்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இருமலைப் பற்றி இல்லை, என் கண்ணைப் பற்றி. அந்த நோய்க்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று என் கண்ணிலிருந்து சிவப்பை எடுத்துக்கொண்டு போனது. போனது எனக்கே தெரியவில்லை. இதே குளிசைகளை இன்றைக்கு யாராவது விழுங்கிக்கொண்டிருந்தால், அவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும்.

என் பெயர் பரமேஸ்வரி. வீட்டுக்காரர் சிவராஜா. மில்லில் அவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார், நான் ஆட்களைப் பார்த்துக்கொள்வேன். செத்தல் மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்குவது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அவருடைய ஆட்கள் சொல்வார்கள். மிளகாய் வாங்குகிறவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் காம்பும் தூசியும்தான் மிஞ்சும்.

மாலையானால் காய்ச்சல், நடந்தால் மூச்சு, சட்டையெல்லாம் தொளதொள. இரண்டு டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக் குடித்தும் நிற்காத இருமல். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். விடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சின்னக் கோப்பையில் சளி துப்பிக் கொண்டுவரச் சொன்னார்கள். மார்பு கிளினிக்கின் வெளிவிறாந்தையில் கதிரைகளை எட்ட எட்டப் போட்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் முகக்கவசத்துக்குள் ஒளிந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டபோது நான் எழுந்து, "நான்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். திருடினவள் மாதிரி உட்கார்ந்திருக்க எனக்கு வராது.

கிருமி இருந்தது. நான்கு மருந்துகள் ஒன்றாய்ச் சேர்ந்த குளிசை தந்தார்கள். செங்கல் நிறம். அதைப் பற்றி எனக்கு விளக்கியவர் அங்கே தாதியாக வேலை பார்த்த மிஸ் துஷ்யந்தி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும், சிரிப்பைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற முகம்.

"இதக் குடிச்சா சலம் தெம்பிலி நிறத்தில போகும் அக்கா. பயப்பிட வேண்டாம். குளிசை வேலை செய்யுது எண்டதுக்கு அதுதான் அடையாளம். ஆனா கண் மங்கினாலோ நிறம் மாறித் தெரிஞ்சாலோ உடன வந்து சொல்லோணும்."

தெம்பிலி என்றால் தெரியும்தானே, ரோட்டோரத்தில் குலைகுலையாய்த் தொங்குகிற செவ்விளநீர். அவர் சொன்னபடியே சிறுநீர் அந்த நிறத்தில் போனது. அத்தனை எச்சரிக்கை கேட்டும் முதல் நாள் பார்த்ததும் பதறிப்போனேன். பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, காலையில் அந்த நிறத்தைப் பார்த்தால் ஒரு தைரியம் வரும். உள்ளே ஏதோ நடக்கிறது, கிருமி அடிவாங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆரம்பத்தில் தினமும் மிஸ்ஸின் முன்னால் நின்று விழுங்க வேண்டும். மில்லை விட்டு ஓடி ஓடி வரமுடியவில்லை என்று மன்றாடி, பிறகு கிழமைக்கு ஒருமுறை மொத்தமாக வீட்டுக்கு வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் முடிந்து சளியைச் சோதித்தால் கிருமி இன்னும் இருந்தது. அதே குளிசையை இன்னொரு மாதம் நீட்டினார்கள்.

அந்த மூன்றாவது மாதத்தில்தான் உலகம் கெட்டுப்போனது.

முதலில் மிளகாய் கெட்டது. எங்களுக்குச் செத்தல் மிளகாய் கொடுப்பவர் ரவூப் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். கண்டி டவுனிலிருந்து தானே லொறியில் கொண்டுவந்து இறக்குவார். அந்த முறை மூட்டையைப் பிரித்தால் மிளகாய் ஒரே மங்கல், பழைய சாக்கு மாதிரி. நான் வாசலில் வைத்தே கேட்டேன்.

"என்னா நானா, போன வருசத்து சரக்க தலையில கட்டப் பாக்குறீங்களா?"

"என்ன தங்கச்சி பேசுறீங்க. நேத்துத்தான் வந்த மால். நல்லாப் பாருங்க."

"நல்லா பாத்துட்டுதான் சொல்றேன். ரெண்டு மூட்டையையும் ஏத்துங்க."

நானா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்தார். நானா மறுபேச்சில்லாமல் மூட்டைகளைத் திருப்பி ஏற்றினார். எனக்கு வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு குங்குமம் கெட்டது. தக்காளி பழுக்காமலே அழுகியது. பீட்ரூட் கறி அழுக்குத் தண்ணீராக இருந்தது. இதையெல்லாம் நான் சந்தேகப்படவே இல்லை. விலை ஏறி ஏறித் தரம் இறங்கி இறங்கிப் போகிற காலம். எல்லாவற்றிலும் கலப்படம் என்றால் நம்பாதவர் யார்? ஒரு கண் மட்டும் கெட்டிருந்தால் மற்றக் கண் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டும் ஒன்றாய், ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டன. அதனால் கண் சரி, சாமான்தான் பிழை என்று இருந்தேன். அடுத்து குளிசையின் நிறமும் மாறியது. கடைசியாக, காலையில் பார்த்துத் தைரியம் கொள்கிற அந்தத் தெம்பிலி நிறமும் இல்லாமல் போனது.

அந்தக் கிழமை கிளினிக்குக்குப் போனபோது மிஸ் துஷ்யந்தி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்கோ. குளிசை ஒழுங்காக் குடிக்கிறியளோ?"

"குடிக்காம? மில்லுல போட்டா அரைக்கிறேன்?"

"சளியில இன்னும் கிருமி நிக்குது. அதாலதான் கேக்கிறன். சலம் என்ன நிறத்தில போகுது?"

"சும்மா வெளிறிப்போயிதான் போகுது. மொதல்ல நீங்க சொன்ன மாதிரி போச்சு. இப்ப இல்ல."

மிஸ் பேனையை மேசையில் வைத்தார். "அப்பிடிப் போகாட்டி குளிசை உள்ள போகேல்ல எண்டுதான் அர்த்தம்."

"அர்த்தம் அது இல்ல மிஸ். நீங்க குடுக்குற குளிசை மாறிப்போச்சு. மொதல்ல செங்கல் மாதிரி இருந்திச்சி, இப்ப களிமண்ணு மாதிரி இருக்கு. திகதி முடிஞ்சத குடுத்துட்டு என்னைய கேக்குறீங்க."

"அதே பெட்டி, அதே குளிசை. நாளையில இருந்து தினமும் இஞ்ச வந்து எனக்கு முன்னால குடிக்கோணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிருக்குப் பயந்து ஒரு நாள் விடாமல் விழுங்கியவளைப் பார்த்துக் கள்ளி என்கிறார். தினமும் பஸ் ஏறிப் போனேன். விழுங்கியதும் நாக்கை மேலே தூக்கி, கன்னத்தை இழுத்து, வாயைத் திறந்து காட்டினேன். அவர் பார்க்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாலும் விடவில்லை. சில நாள் இப்படிப் போனதும், இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று தீர்மானித்தேன். குளிசை குடித்த பிறகு கிளினிக்கிலேயே காத்திருந்து, வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுபோன ஜேம் போத்தலில் சிறுநீரைப் பிடித்து, மூடி, மிஸ்ஸின் மேசைமேல் வைத்தேன்.

"உங்க கண்ணு முன்னாடிதான் குடிச்சேன். இப்ப நீங்களே பாருங்க. எங்க இருக்கு ஒங்க தெம்பிலி?"

மிஸ் போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு அவருடைய முகத்தில் இருந்த கோபம் அப்படியே இறங்கியது.

"அக்கா, இது என்ன நிறமாத் தெரியுது உங்களுக்கு?"

"ஊத்தி ஊத்தி வெளிறின தேத்தண்ணி."

அவர் கையிலிருந்த பேனையைத் தூக்கிக் காட்டினார். "இது?"

"மண் நிறம்."

"இது சிவப்புப் பேனை அக்கா. போத்தலில இருக்கிறது நல்ல தெம்பிலி நிறம்."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நாளும் சண்டை பிடித்ததில் நான் சொன்னது ஒவ்வொன்றும் என் கண்ணுக்கு உண்மை. ஆனால் பிழை மிளகாயிலும் இல்லை, குளிசையிலும் இல்லை. அது என் முகத்திலேயே இருந்தது. வாழ்க்கையில் அப்படி நான் பயந்தது கிடையாது. எக்ஸ்ரே பார்த்தபோதுகூட அப்படிப் பயம் வரவில்லை.

மிஸ் மேசையில் இருந்த என் குளிசைப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "இனி இதத் தொட வேண்டாம்" என்று சொல்லி டொக்டரிடம் ஓடினார். அன்றைக்கே கண்டி பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கண் வாட்டில் என்னை ஒரு மூலைக் கட்டிலில் தனியாகப் போட்டார்கள். கண்ணில் சொட்டுமருந்து விட்டால் கண்மணி அகன்று, ஜன்னல் வெளிச்சம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அந்தக் கண்ணோடு சோதனை மேல் சோதனை. எழுத்துப் பலகையில் மேலே பெரிய எழுத்துகள் தெரிந்தன, கீழே போகப் போகக் கரைந்தன. ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். அடுத்து ஒரு புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் நிறப் புள்ளிகளாலான வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஓர் இலக்கம் ஒளிந்திருக்கும். முதல் பக்கத்து இலக்கத்தைச் சொன்னேன். அது யாருக்கும் தெரியுமாம். மற்றப் பக்கங்களில் எனக்குத் தெரிந்தது கொட்டிய மல்லி மட்டும். இலக்கம் இல்லாத பக்கத்தை வைத்து ஏமாற்றுகிறார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். புத்தி போகாது.

கண் டொக்டர் சிங்களவர். தமிழைத் தேடித் தேடிப் பேசுவார், ஆனால் அவசரப்படமாட்டார். கண்ணுக்குள்ளே விளக்கடித்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை, பழுது பின்னால் நரம்பில் என்றார். எதம்பியூட்டோல் என்ற அந்த ஒரு மருந்து சிலருக்கு அந்த நரம்பைக் களைக்கப் பண்ணுமாம். என் சிறுநீரகம் கொஞ்சம் மந்தமாக வேலை செய்வது இரத்தச் சோதனையில் தெரிந்தது. மருந்து வெளியே போகாமல் தேங்கியிருக்கிறது.

"சரி டொக்டர். நரம்பு கெட்டா எல்லாம்தானே மங்கணும். ஏன் செகப்பு மட்டும் போச்சு?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன். கண்ணின் பின்சுவரில் நிறம் பார்க்க மூன்று விதமான நுண்ணிய கலங்கள் இருக்கின்றன. தனியாக எடுத்தால் ஒன்றுக்கும் நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் வந்தது என்பது மட்டும்தான் தெரியும். மிளகாயிலிருந்து வருகிற வெளிச்சம் ஒரு விதத்தை நன்றாகத் தட்டும், இன்னொரு விதத்தைக் குறைவாகத் தட்டும். பச்சை இலையென்றால் மாறி நடக்கும். எது கூட, எது குறைய என்று கண் தராசில் நிறுத்துப் பார்த்து, அந்த வித்தியாசத்தை நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகிறது. அந்த வித்தியாசம்தான் சிவப்பு, அதுதான் பச்சை. நரம்பு களைத்தால் முதலில் தவறிப்போவது இந்த நுணுக்கமான வித்தியாசம். தட்டு இரண்டும் சமமாக நிற்பதாகச் செய்தி போகும். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. மண் நிறம்.

தராசு என்றால் எனக்கு விளங்கும். ஆனால் ஒன்று இடித்தது.

"அப்ப மிளகாயில செகப்பே இல்லியா?"

"மிளகாய் வெளிச்சத்த திருப்பி அனுப்புது, அவ்வளவுதான் அம்மா. செகப்பு செய்றது நம்ம தலை."

இதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. என் தலை செய்யாமல் விட்ட மாதத்திலும் அந்த மிளகாய் ஊருக்கெல்லாம் சிவப்பாகத்தானே இருந்தது. டொக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார்.

"திரும்பி வருமா?"

"நிறைய பேருக்கு வரும். சில பேருக்கு முழுசா வராது. நீங்க சீக்கிரம் வந்தது நல்லது. பொறுத்துத்தான் பாக்கணும்."

சீக்கிரம் வந்தேனாம். இன்னும் ஒரு மாதம் யாரும் கண்டுபிடிக்காமல் அந்தக் குளிசையை விழுங்கியிருந்தால், எழுத்துப் பலகையின் பெரிய எழுத்தும் போயிருக்கும். அதை அவரே சொன்னார்.

வீட்டுக்காரர் தினமும் மில்லைப் பூட்டிவிட்டு வந்தார். தலைமுழுக்க மல்லித்தூள், கையில் ரசமும் சோறும். வெளியே ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னபோது, நகைக்கடைப் பக்கம் போய்வந்தவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் விரலில் மோதிரம் இல்லாததைப் பார்க்க நிறம் தெரியத் தேவையில்லை. ஒருநாள் பையிலிருந்து சின்னக் கண்ணாடிப் போத்தலை எடுத்து அலுமாரி மேல் வைத்தார். உள்ளே ஒரு கைப்பிடி செத்தல் மிளகாய்.

"இது என்னா?"

"நீ திருப்பி அனுப்புன மூட்டையில இருந்து எடுத்தது. அன்னிக்கே எடுத்து வச்சேன்."

"எதுக்கு?"

"நல்ல செகப்பா இருந்திச்சி. நீ ஏன் அப்பிடி சொன்னேனு வெளங்கல."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "அப்ப ஒங்களுக்கு தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?"

"சீக்காளியா இருக்க. சண்ட வேணாம்னு பாத்தேன்." போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டே, "சொன்னா கேப்பியா?" என்றார்.

அவர் மட்டுமா? ரவூப் நானா பேசாமல் மூட்டையை ஏற்றியதும் அதற்காகத்தான். நான் திட்டிய கறியைச் சமைத்த என் வீட்டுக்காரரின் தங்கச்சி "ஆமாண்ணி, பீட்ரூட் சரியில்ல" என்று ஆமாம் போட்டதும் அதற்காகத்தான். எல்லோரும் பாவம் பார்த்தார்கள். எனக்குக் கண் போய்க்கொண்டிருந்தது, என்னைச் சுற்றி நின்றவர்கள் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னோடு மல்லுக்கட்டியவர் அந்தக் கிளினிக் மிஸ் ஒருவர்தான். என்னைக் கள்ளி என்று நினைத்தார், ஆனால் நான் சொன்னதை அப்படியே விழுங்கவில்லை. அதனால்தான் நான் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆகவே வீட்டில் நோயாளி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அவள் பிழையாக ஒன்று சொன்னால் சண்டை பிடியுங்கள். ரசம் கொண்டுவாருங்கள், சண்டையும் பிடியுங்கள்.

வாட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கூட்டம் வந்தது. கண்ணைக் கெடுத்த மருந்து உயிரையும் எடுக்கும், எல்லாவற்றையும் நிறுத்து, நாட்டு வைத்தியரிடம் போ என்றார்கள். மடுல்கெல்லயில் இருந்து ஒரு மாமா அதற்கென்றே பஸ் ஏறி வந்தார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முன்னால் குளிசையை விழுங்கிக் காட்டினேன். கெடுத்தது ஒன்று. அதை நிறுத்தியாகிவிட்டது. மற்ற மருந்துகள் என் கிருமியைக் கொல்ல வந்தவை, அவற்றோடு எனக்குப் பகை இல்லை. மூன்றாம் மாத முடிவுச் சளியில் கிருமி இல்லை. என் நெஞ்சில் கிருமி அதிகம் என்பதால்தான் சுணங்கியதாம். நான் கள்ளி இல்லை என்று அந்தத் தாளிலும் ஆகிவிட்டது.

ஆனால் சிவப்பு வரவில்லை.

ஒவ்வொரு நாளும் மில்லைத் திறக்கும் முன் வீட்டுக்காரர் அந்தப் போத்தல் மிளகாயை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, பக்கத்தில் இரண்டு பச்சை மிளகாயும் வைத்து, வாசல் வெளிச்சத்தில் என் முன்னால் வைப்பார். நான் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டுவேன். அவர் திரும்பப் போத்தலில் போட்டு மூடுவார். ரவூப் நானா வந்தால் இப்போது விலையும் தரமும் அவரும் இவருமே பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்காத நாட்கள் அவை. மிளகாய் வாங்கத் தெரியாத நான் அந்த மில்லில் யார் என்று எனக்கே தெரியவில்லை. ஆத்திரம் மட்டும் குறையவில்லை. அந்தத் தட்டை ஒருநாளும் பார்க்காமல் விடவில்லை.

கிழமைகள் போயின. மழை நாள் ஒன்றில் தட்டைப் பார்த்தபோது செத்தல் மிளகாயும் பச்சை மிளகாயும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்ற மாதிரி இருந்தது. ஆசையில் தோன்றுகிறது என்று வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு காலை, குளிசை குடித்துச் சற்று நேரம் கழித்துக் கழிவறைக்குப் போனவள், கீழே பார்த்துவிட்டு அப்படியே நின்றேன்.

"என்னாங்க, இங்க வாங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

என்ன ஆனதோ என்று ஓடிவந்தார். எட்டிப் பார்த்தார். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் இதைப் பார்க்க நான் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து அழுதார். நான் அழவில்லை. எனக்கு வேலை இருந்தது. ஜேம் போத்தலைத் தேடினேன்.

அடுத்த கிளினிக் நாளில், மிஸ் துஷ்யந்தி தலை நிமிருமுன் போத்தலை மேசையில் வைத்தேன்.

"கேளுங்க மிஸ்."

"என்னத்தக் கேக்கிறது?"

"என்ன நிறம்னு கேளுங்க."

அவர் போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன நிறம் அக்கா?"

"தெம்பிலி. ஒங்க கையில இருக்கிறது செகப்பு பேனை. அந்த சுவத்துல தொங்குற படத்துல நெஞ்சு ரோசா நிறம், அதுக்கு மேல எழுதியிருக்கிறது பச்ச."

மிஸ் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். எழுந்து வந்து என் கண் இரண்டையும் உற்றுப் பார்த்தார், வெளியிலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்கிற மாதிரி. பிறகு போத்தலை ஒரு கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார்.

"சரி அக்கா, நம்பிட்டன். இனிப் போத்தல் கொண்டு வரவேண்டாம்."

அடுத்த முறையும் கொண்டு போனேன்.